உதவி: 1000 லூமன் லைட் போட்டும் பள்ளம் தெரியல

இரவுப்பணி:
கொஞ்சம் அவசரம், நாளைக்கு ராத்திரி திரும்ப சைக்கிள் எடுக்கணும். 1000 லூமன் லைட் வாங்கினேன். தூரம் வரைக்கும் பளிச்சுனு இருக்கு, ஆனா பள்ளம் மட்டும் சக்கரம் இறங்கினப்புறம்தான் தெரியுது. 1800 லூமன் வாங்கினா சரியாகுமா?

செயின்கவர்:
தெருவிளக்கு இருக்கிற ரோடா, கும்மிருட்டா? என்ன வேகம்? லைட்டை எங்க மாட்டியிருக்கீங்க? இது தெரியாம 1800 வாங்குங்கன்னு எப்படிச் சொல்றது?

டைனமோ பிரியன்:
பேட்டரி லைட்டையே விடுங்க நண்பரே. ஹப் டைனமோ போடுங்க, முன்சக்கரத்தோட நடுவுல இருந்து சக்கரம் சுத்துறப்போ கரண்ட் தர்றது. 6 வோல்ட், 3 வாட்தான். அதுல முன்லைட்டுக்கு 2.4 வாட், பின்லைட்டுக்கு 0.6. ஆனா நல்ல லென்ஸ் இருந்தா வெளிச்சம் வீணாகாம ரோட்டுலதான் விழும். சார்ஜ் கவலையும் இல்ல.

செயின்கவர்:
அவருக்கு நாளைக்கே ஓட்டணும். நீங்க முன்சக்கரத்தையே மாத்தச் சொல்றீங்க.

ஒளிமானி:
இதுக்கு நான் எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்த்துட்டுக் கேட்கலாம். லூமன்ங்கிறது லைட் எல்லாப் பக்கமும் கொட்டுற மொத்த ஒளி. ரோட்டுல ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு விழுதுங்கிறதுதான் லக்ஸ். டார்ச் மாதிரி உருண்டையா அடிக்கிற லைட்ல நிறைய ஒளி மரத்துக்கும் எதிர்ல வர்றவர் கண்ணுக்கும் போயிடும். ஜெர்மனி விதிப்படி செஞ்ச லைட்ல ஒளியோட மேல்விளிம்பு வெட்டினாப்ல நிக்கும். இந்த அடிப்படைகூடத் தெரியாம எண்ணைப் பார்த்து வாங்கினா இப்படித்தான்.

இரவுப்பணி:
பாதி தூரம் தெருவிளக்கு, மிச்சம் இருட்டு. வேகம் 25 இருக்கும். ஹெல்மெட்லதான் கட்டியிருக்கேன்.

பெடல்மணி:
விஷயம் அங்கதான் இருக்கு. லைட் கண்ணுக்குப் பக்கத்துலயே இருந்தா, பள்ளத்துல விழுற நிழல் உங்க பார்வைக்குச் சிக்காது. ரோடு தட்டையா, வெள்ளையா தெரியும். அதையே கீழே இறக்கினா பள்ளத்தோட இந்தப் பக்க விளிம்பு உள்ளே நிழல் போடும். மேலேர்ந்து பார்க்கிறப்போ கறுப்பாத் தனியா தெரியும். ஹேண்டில்பாருக்கு மாத்துங்க, முடிஞ்சா இன்னும் கீழே.

25 வேகம்னா நொடிக்கு 7 மீட்டர். பார்த்து பிரேக் பிடிச்சு நிக்கிறதுக்குள்ள 15 மீட்டர் போயிடும், ஈர ரோடுன்னா இன்னும் கூட. அதனால 20 மீட்டர் வரைக்காவது தரை தெரியிற மாதிரி சாய்ச்சு வைங்க.

செயின்கவர்:
பின்லைட் இருக்கா? பிளிங்க்ல போடுங்க, அதுதான் சட்டுனு கண்ணுல படும்.

டைனமோ பிரியன்:
இருட்டுல பிளிங்க் கூடவே கூடாது. பின்னாடி வர்றவருக்குத் தூரம் கணிக்க வராது. நின்னு எரியணும்.

செயின்கவர்:
கண்ணுல பட்டாத்தானே தூரம் கணிக்கிறது?

டைனமோ பிரியன்:
பகல்ல சரி. நான் பேசுறது ராத்திரியை.

பெடல்மணி:
ரெண்டு பின்லைட் மாட்டிக்கோங்க, ஒண்ணு நின்னு எரியட்டும். அதோட கணுக்கால்ல ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்க. அது மேலும் கீழும் ஆடுறப்போ, போறது சைக்கிள்காரர்னு பின்னாடி வர்ற டிரைவருக்குச் சட்டுனு புரிஞ்சிடும்.

ஒளிமானி:
பெட்டியில போட்டிருக்கிற பேட்டரி நேரத்தையும் அப்படியே நம்பாதீங்க. பல கம்பெனிகள் பின்பற்றுற அளவுமுறையில, வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல 10 சதவீதமா இறங்கிற வரைக்கும் ஓடுற நேரமாக் கணக்கு.

இரவுப்பணி:
ஹேண்டில்பாருக்கு அடியில தொங்குற மாதிரி தலைகீழா மாட்டினேன். பள்ளம் நல்லாத் தெரியுது. புதுசு வாங்கல. நன்றி.

பெடல்மணி:
தலைகீழான்னா சார்ஜ் ஓட்டையோட ரப்பர் மூடி இப்ப மேல்பக்கமா வந்திருக்கா பாருங்க. மழையில அது வழியாத் தண்ணி இறங்கும்.