கயானாவில் காட்டுயிர்களைக் காண மழைக்காடா, ரூபுனுனிப் புல்வெளியா?

வனவழி (கேள்வி):
நண்பர்களுக்கு வணக்கம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு வாரங்கள் கயானாவில் தங்கத் திட்டமிட்டுள்ளேன். நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு என்பதால், முழு நேரத்தையும் இவோக்ராமா மழைக்காட்டிலேயே செலவிட நினைக்கிறேன். ராட்சத நீர்நாயையும் ராட்சத எறும்புதின்னியையும் பார்க்க வேண்டும் என்பதே என் முதன்மையான விருப்பம். இந்தத் திட்டம் பொருத்தமானதா?

நீர்க்காகம்:
இடம், காலம் இரண்டையுமே மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு விலங்குகளுக்கும் ஏற்ற இடம் இவோக்ராமாவுக்குத் தெற்கே விரியும் ரூபுனுனிப் புல்வெளிதான். அங்கே எதை எப்போது காணலாம் என்பதை நீரே தீர்மானிக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையில் அந்தச் சமவெளியின் பெரும்பகுதி நீரில் மூழ்குகிறது. வெள்ளம் உச்சத்தை எட்டும்போது, எசெக்கிபோ ஆற்றில் சேரும் ரூபுனுனியின் நீரும் அமேசான் படுகையைச் சேர்ந்த தக்குட்டு ஆற்றின் நீரும் ஒன்றோடொன்று கலந்து, மீன்கள் ஒரு படுகையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி பிறக்கிறது. அந்நாட்களில் மீன்கள் வெள்ளம் புகுந்த காடுகளுக்குள் பரவிவிடுவதால், அவற்றைத் தேடும் நீர்நாய்களும் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போய்விடுகின்றன.

நீர் வடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. மீன்கள் ஆற்று மடுக்களிலும் குளங்களிலும் அடைபட, நீர்நாய்க் குடும்பங்களும் கருப்பு கெய்மன் முதலைகளும் அவற்றைச் சுற்றியே திரிகின்றன. மூன்று மீட்டர் வரை வளரக்கூடிய அரப்பைமா மீன் காற்றைச் சுவாசிப்பதற்காக நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால், படகில் பொறுமையாகக் காத்திருப்பவர்கள் அதையும் காணலாம். எறும்புதின்னி கறையான் புற்றுகள் நிறைந்த திறந்த வெளியில், வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை வேளையில் நடமாடுகிறது. அங்குள்ள மாடு மேய்ப்பவர்கள் குதிரையில் முன்னே சென்று அதன் இருப்பிடத்தை அறிந்து சொல்வார்கள். எனவே ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் செல்வது நல்லது.

பாறைச்சேவல்:
மேலே உள்ள கருத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆயினும் மழைக்காட்டை முற்றிலும் கைவிட்டுவிடாதீர்கள். 1989இல் அதிபர் டெஸ்மண்ட் ஹாய்ட் காமன்வெல்த் மாநாட்டில் அறிவித்து, 1996இல் சட்டத்தின் மூலம் நிலைபெற்ற இவோக்ராமா, சுமார் 3,71,000 ஹெக்டேர் பரப்புள்ள காடு. அங்கே மர உச்சிகளுக்கு நடுவே கட்டப்பட்டுள்ள தொங்குபாலத்தில் விடியற்காலையில் நின்றால், தரையிலிருந்து ஒலியாக மட்டுமே அறிந்த பறவைகளைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். காட்டின் வழியே செல்லும் செம்மண் சாலையில் ஜாகுவார் தென்படுவதும் உண்டு; ஆனால் அதை மட்டுமே நம்பிச் செல்ல வேண்டாம்.

கையெட்டூர் அருவிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாகக் கொட்டும் அருவியின் அழகைக் காட்டிலும் என்னைக் கவர்வது, அதன் சாரலில் வளரும், அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய புரொமிலியட் செடிகளும், அவற்றின் இலைக்கக்கத்தில் தேங்கும் நீரிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிக்கும் சின்னஞ்சிறு பொன்னிறத் தவளையுமே. பெரும்பாலான பயணிகள் அருவியை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது வருத்தமளிக்கிறது.

வனவழி:
இருவருக்கும் மிக்க நன்றி. பயணத்தைப் பிப்ரவரிக்கு மாற்றுகிறேன். நாட்டின் தேசியப் பறவையான ஹோட்சினை எங்கே காணலாம்?

நீர்க்காகம்:
அதற்கு உள்நாடு வரை செல்ல வேண்டியதில்லை. தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குக் கிழக்கே மகைக்கா ஆற்றில் காலையில் படகில் சென்றால், கரையோரப் புதர்களில் கூட்டமாக அமர்ந்திருக்கும். இலைகளையே முதன்மை உணவாகக் கொண்டு, அவற்றைத் தொண்டைப்பையில் நொதிக்கவைத்துச் செரிக்கும் பறவை அது; அதன் குஞ்சுகளின் இறக்கைகளில் கிளைகளைப் பற்றி ஏறுவதற்கான நகங்கள் உண்டு.

ஒரு வேண்டுகோள்: ரூபுனுனியில் சுராமா போன்ற மக்குஷி பழங்குடி மக்களின் ஊர்களே நடத்தும் விடுதிகளில் தங்குங்கள். உங்கள் கட்டணம் அந்த ஊருக்கே சேர்வதோடு, விலங்குகளின் தடம் அறிந்த வழிகாட்டிகளும் அங்கேயே கிடைப்பார்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபுனுனியின் முதன்மை ஊரான லெத்தம் செல்லும் சாலையில் போவதானால், குருப்புக்காரியில் எசெக்கிபோ ஆற்றை மிதவைப் படகில் கடக்க வேண்டும். அது இரவில் இயங்காது என்பதைக் கருத்தில் கொண்டு புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா தடுப்பு மாத்திரை ஆகியவை குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் ஆலோசனை பெறுவதும் அவசியம்.