கலைச்சொல் தேவை: முறுக்குவிசையை வாங்கும் ரப்பர் வட்டுக்கு என்ன பெயர்?

நண்பர்களே, வணக்கம். பழைய காரில் பெரிய எஞ்சினை மாற்றிப் பொருத்துவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கியர்பாக்ஸுக்கும், விசையைப் பின்சக்கரப் பக்கம் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் நடுவே தடித்த ரப்பர் வட்டு ஒன்று வரும். ஆறு துளை, ஒன்றுவிட்டு ஒன்றாக இந்தப் பக்கத்துக்கு மூன்று கை, அந்தப் பக்கத்துக்கு மூன்று கை. எஞ்சினின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். 'நெகிழ் இணைப்பி' என்று போட்டிருக்கிறேன். சரியா?
— மா.

ஐயா, நெகிழி என்றாலே இன்று பிளாஸ்டிக். படிக்கிறவர் பிளாஸ்டிக் துண்டு என்றே நினைப்பார். அது முறுக்குவிசையைத் தாங்குவதால் 'முறுக்குதாங்கி' எனலாம். அப்புறம், 'இரப்பர்' என்று எழுதுங்கள். ரகரம் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியர் காலத்து வரம்பு.
— ந.

இரப்பர் என்றால் பிச்சை கேட்பவர் என்றும் பொருள் வருமே, ஐயா. அது இருக்கட்டும். 'தாங்கி' பேரிங்குக்குப் போய்விட்டது. அதே ஷாஃப்டின் நடுவே ஒரு பேரிங் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு தாங்கி வந்தால் வேலை செய்பவர் எதைக் கழற்றுவார்?

வட்டு எங்கே உட்காருகிறது என்பதையும் பாருங்கள். எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் அதை 3.5 மடங்காக்குகிறது என்றால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் 700. டிஃபரன்ஷியல் 3.9 மடங்காக்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்தால், சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு அரைத்தண்டிலும் 1365. 1962இல் வந்த லோட்டஸ் எலான் காரில் ரப்பர் வட்டுகள் அந்த அரைத்தண்டிலேயே இருந்தன. கிளட்ச்சை விட்டதும் ரப்பர் முறுக்கேறி, பிறகு அவிழும். வண்டி முன்னும் பின்னும் உந்தும். எஞ்சினை வலுவாக்கியவர்கள் பலர் அவற்றை எடுத்துவிட்டு, ரப்பர் இல்லாத உலோக மூட்டான சிவி ஜாயின்ட் போட்டார்கள். ஆக, இந்த வட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. 'தாங்கி' என்பது அதன் குணத்தையே மறைக்கிறது.
— செ.

கிழிந்த வட்டு ஒன்றை ஒருநாள் அறுத்துப் பார்த்தேன். வெளியேதான் ரப்பர், உள்ளே இரும்புக் குழல்களைச் சுற்றிச் சுற்றி நூல் பிணைத்திருந்தது. விசையை இழுப்பது அந்த நூல். தமிழில் இதற்கு 'புரி' காத்திருக்கிறது: புரி என்றால் முறுக்கு, புரி என்றால் இழையும்தான். பானைக்கு அடியில் வைக்கும் வைக்கோல் வளையம் புரிமணை. வட்டம், இழை, முறுக்கு மூன்றும் ஒரே சொல்லில்! பல வட்டுகளில் அம்புக்குறி இருக்கும். அதன்படி மாட்டினால்தான் நூல் இழுவையில் வேலை செய்யும், மாற்றி மாட்டினால் சீக்கிரம் கிழியும். சங்குக்கு வலம்புரி, இடம்புரி சொன்ன மொழிக்கு இது புதிதா? 'புரிவட்டு' என் முன்மொழிவு.
— கு.

அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டறைப் பாடநூலில் புரி என்றால் திருகாணியின் மரை. புரி தேய்ந்தது என்றால் மாணவன் போல்ட்டைத்தான் பார்ப்பான். இத்தாலியர் இந்த வட்டைச் செய்தவர் பெயரோடு 'ஜியுன்டோ போஸ்கி' என்று வைத்தார்கள், அது 'ஜியூபோ' என்று சுருங்கி உலகம் முழுக்க ஓடுகிறது. 'ஜியுன்டோ' வெறும் மூட்டுதான். நமக்கும் எளிய சொல் போதும்: ரப்பர் இணைவட்டு.
— செ.

குழுவில் நால்வர் இணைவட்டுக்குச் சரி சொல்லிவிட்டார்கள். கையேட்டில் அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'ஃப்ளெக்ஸ் டிஸ்க்' என்றும் சேர்க்கிறேன், கடையில் கேட்டு வாங்க வேண்டுமே.
— மா.

'இரப்பர்' என்று திருத்துங்கள்.
— ந.

இணைவட்டு கிளட்ச் தட்டுக்கும் பொருந்தும், பிரேக் தட்டோடும் குழம்பும். நூலைச் சொல்லாத பெயர் அந்த வட்டைச் சொல்லவில்லை. புரிவட்டை நான் விடுவதாக இல்லை.
— கு.