மீன் சினைப்பை நிலைகளுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், உதவுங்கள்

வணக்கம். மீன் இனப்பெருக்கம் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், சொற்களிலேயே மாட்டிக்கொண்டேன். 2011இல் முன்மொழியப்பட்ட பொதுமுறையில் ஐந்து நிலைகள்: முதிராதது, வளர்வது, முட்டையிடத் தயாரானது, ஒடுங்குவது, மீண்டும் தயாராவது. முதலும் கடைசியும்தான் பெரிய தலைவலி. இரண்டிலும் சினைப்பை சிறுத்து, வெறும் கண்ணுக்கு முட்டையே தெரியாமல் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஏற்கெனவே முட்டையிட்ட மீனில் சினைப்பைச் சுவர் தடித்திருக்கும், அதை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மாற்றிக் குறித்துவிட்டால், மீன் எந்த நீளத்தில் முதிர்ச்சியடைகிறது என்ற கணக்கே பிசகிவிடும். இந்தக் கடைசி நிலையைப் பலரும் 'ஓய்வு நிலை' என்கிறார்கள், உள்ளே அடுத்த பருவத்துக்கான வேலை நடக்கும்போது அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. 'மீளுருவாக்க நிலை' சரியா, 'மறுவளர்ச்சி நிலை' சரியா? அப்புறம், விந்தகத்துக்கும் அதே சொல் பொருந்த வேண்டும். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?