மறு: ஃப்ரீஃபார்ம் நிட்டிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

> "கட்டற்ற பின்னல்" என்றே வைத்துவிடலாமே. கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் உடனே புரியும்.

ஐயா, அந்தப் புழக்கம்தான் எனக்குத் தயக்கம். மென்பொருளில் "கட்டற்ற" என்பது உரிமம் பற்றிய சொல். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். "கட்டற்ற பின்னல்" என்று பார்க்கிறவர் இலவசமாக வடிவப்படம் (எப்படிப் பின்னுவது என்று காட்டும் குறிப்பு) கிடைக்கும் என்று நினைப்பார். ஃப்ரீஃபார்மில் நடப்பதோ வடிவப்படமே இல்லாமல் ஊசியால் நூலைப் பின்னுவது.

அதைவிட முக்கியம், இந்தக் கலையில் கட்டு நிறையவே உண்டு. வழக்கமான பின்னலில் கீழ் விளிம்பில் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றி, வரிசை வரிசையாக ஒரே திசையில் மேலேறுவோம். இதில் எட்டுப் பத்துக் கண்ணி மட்டும் ஏற்றிச் சின்னதாக ஒரு துண்டு பின்னி முடிக்கிறோம். பிறகு அதன் பக்கவாட்டு விளிம்பில் ஊசியைக் கொடுத்துப் புதுக் கண்ணிகள் எடுத்து, வேறு நூலில், வேறு திசையில் தொடர்கிறோம். வரிசையின் கடைசிவரை போகாமல் பாதியிலேயே திரும்பினால் துண்டு ஒரு பக்கம் அகன்று வளையும். கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு அலை அலையாக நெளியும். குறைத்தால் நடுவில் குழியும்.

விளிம்பில் எத்தனை கண்ணி எடுப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லா வரிசையும் நேர்ப்பின்னலாக இருந்தால் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி. இதை விட்டுவிட்டால் துண்டு தட்டையாகப் படியாது. "கட்டே கிடையாது" என்று நம்பி ஊசியைக் கையில் எடுக்கும் புதியவர், முதல் துண்டு சுருண்டு நிற்பதைப் பார்த்ததும் தனக்கு இது வராது என்று ஒதுங்கிவிடுவார். பெயரே அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை: தன்போக்குப் பின்னல். போக்கு என்றால் திசை. இந்த முறையில் ஒவ்வொரு துண்டிலும் மாறுவது அதுதான். "அது தன் போக்கில் வளரட்டும்" என்று பேச்சிலும் சொல்கிறோம். வினையாக்குவதும் எளிது: தன்போக்கில் பின்னினார். ஒரே படைப்பில் ஊசிப் பின்னலும், கொக்கியால் பின்னும் குரோஷாவும் கலந்து வருவது இக்கலையில் வெகு சாதாரணம். நம் "பின்னல்" இரண்டுக்கும் பொருந்துவதால் தனித்தனிச் சொல் தேட வேண்டியதில்லை.

> தன்விருப்பப் பின்னலாடை?

ஆடை வேண்டாம் அக்கா. அமெரிக்காவின் மேரி வாக்கர் ஃபிலிப்ஸ், நெசவாளராக இருந்தவர், 1960களிலேயே பின்னலைச் சுவரில் தொங்கும் கலைப்படைப்பாக்கிவிட்டார். பின்னலாடை என்றதும் திருப்பூர் பனியன்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், அந்தச் சிறு துண்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வால்டர்ஸும் சில்வியா காஷும் இந்த வேலையை "ஸ்கிரம்ப்ளிங்" என்றார்கள், துண்டு "ஸ்கிரம்பிள்". ஆஸ்திரேலியாவின் ப்ரூடன்ஸ் மேப்ஸ்டோன் போன்றவர்களின் பட்டறைகளிலும் இதே சொல்தான். நான் "திட்டு" என்று வைக்க விரும்புகிறேன். ஆற்று நடுவே மணல்திட்டு சேர்வது போல ஒழுங்கற்ற விளிம்போடு சேர்ந்து பெரிதாகிற ஒன்று.

அன்புடன்.

---

வணக்கம். தன்போக்குப் பின்னலுக்கு என் வாக்கு. ஆனால் "திட்டு" தனியாக வந்தால் வசவாகப் படிக்கப்படும். "அவர் ஐந்து திட்டு வாங்கினார்" என்று எழுதினால் என்ன ஆகும்? "பின்னல்திட்டு" என்றே முழுதாக வைப்போம்.

இன்னொன்று. எல்லாத் திட்டுகளையும் ஆடையின் அளவுக்கு வெட்டிய காகிதத்தின்மேல் குப்புறப் பரப்பி, இடைவெளியை நிரப்பிக்கொண்டே தைத்து இணைக்கிறார்கள் அல்லவா? அந்தக் காகிதத்துக்கு நம் தையற்காரர்கள் சொல்லும் "பேட்டர்ன்" பொருந்தாது. அது வெட்டும் அளவைச் சொல்வது. இது எல்லையை மட்டும் காட்டுகிறது.

---

பின்னல்திட்டு சரி, ஏற்கிறேன். காகிதத்துக்கு "எல்லைத்தாள்" போதுமா? பாதியில் திரும்பும் வரிசைக்கு "அரைவரிசை" என்று எழுதி வருகிறேன், ஆனால் எப்போதும் சரிபாதியில் திரும்புவதில்லை. "குறைவரிசை" மேல் என்று தோன்றுகிறது. பின்னத் தெரிந்தவர்கள், உங்கள் வீட்டில் இதற்கு ஏதாவது சொல் வழங்கினால் எழுதுங்கள். அதற்குப் பிறகு நான்கு சொற்களையும் இணைய அகராதியான விக்சனரியில் சேர்க்கலாம்.