லாரி ரொபின்சன்: மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி

கோபி, லவால்

2000 ஜூன் 10, சனிக்கிழமை இரவு. எல்லாருக்கும் தெரிந்த மட்ச்தான். ஐஸ் ஹொக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று, டாலஸில் ஆறாவது ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம், எலியாஸ் திரும்பிக்கூடப் பாராமல் தள்ளிவிட்ட பக்கை (ரப்பர் வட்டு) ஆர்னட் உள்ளே போட்டார், நியூ ஜேர்சி டெவில்ஸுக்குக் கோப்பை. எனக்கு அந்தக் கோலைவிட அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கல்லாவுக்கு மேலே கையகல ரிவி. ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துகிறார்கள். நடுவே அவர்களின் கோச் லாரி ரொபின்சன், நெட்டை மனிதர், ஓர் ஆட்டக்காரரின் ஜேர்சியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அது சிகோராவுடையது. முதல் பீரியடிலேயே டாலஸின் ஹாச்சர் மோதியதில் ஸ்ட்ரெச்சரில் போன பையன். அணி கொண்டாடும் நேரத்தில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான், கோச் அவனைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒருவர் கல்லாவில் காசை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

சீசன் முடிய எட்டு ஆட்டம் இருக்கும்போது கையில் கொடுக்கப்பட்ட அணி அது. இறுதிக்கு முந்திய சுற்றில் பிலடெல்பியாவிடம் ஆட்டக் கணக்கில் 3-1 என்று பின்தங்கியபோது டிரெஸ்ஸிங் ரூமில் குப்பைத் தொட்டியை உதைத்துக் கத்தினார், அப்புறம் மூன்று ஆட்டத்தையும் தொடர்ந்து வென்றார்கள். கோச் என்றால் அவர்தான்.

அற்வாட்டர் அண்ணை

தம்பி கோபி, 2000இல் தொடங்கினால் பாதி மனிதரைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மொன்றியல் அணியில் ஆட்டக்காரராக 17 சீசன். ஆறு கோப்பை. சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருது 1977, 1980 என்று இரண்டு தரம். 1976-77இல் அவருடைய கணக்கு பிளஸ் 120. எதிரணியில் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது போடும் பவர்பிளே கோல்களை விட்டுவிட்டு, அவர் ஐஸில் நின்ற நேரம் அணி போட்டதிலிருந்து வாங்கியதைக் கழித்தால் வருவது அது. வாழ்நாள் முழுவதற்கும் பிளஸ் 700க்கு மேல். ஐஸ் ஹொக்கியில் இதுவரை அதை யாரும் தாண்டவில்லை. நான் வேலை செய்த உணவகத்து முதலாளி, 1976 இறுதிச் சுற்றில் பிலடெல்பியாவின் டோர்ன்ஹோஃபரை இவர் மோதியதில் ஐஸைச் சுற்றியிருக்கும் சுற்றுப்பலகையே உள்வாங்கி, ஆட்டத்தை நிறுத்திச் சரிசெய்த கதையை ஒவ்வொரு வெள்ளியும் சொல்வார். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அடிதடிக்காரனாகத் திரியாமல் நிதானமாக ஆடினாரே, அதுதான் பெரிய விஷயம்.

என் காட்சி 1989 மே 25. கனடாவுக்கு வந்து மூன்று வருடம். மொன்றியல் அணியின் அரங்கமான ஃபோரத்துக்குப் பக்கத்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். இறுதிச் சுற்றில் கல்கரி வென்றுவிட்டது. வெளியூர் அணி ஒன்று எங்கள் ஃபோரத்தில் எங்களைத் தோற்கடித்துக் கோப்பை தூக்கியது அந்த ஒரு தரம்தான். இரண்டு அணியும் வரிசையில் கைகொடுக்கிறார்கள். அவர் தலை மட்டும் மற்றவர்களுக்கு மேலே தெரிகிறது, மெல்ல மெல்ல நகர்கிறது. எங்கள் அணியின் உடுப்பில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது என்று அப்போது தெரியாது. சவர்க்காரக் கையோடு நின்று பார்த்தேன். அந்தக் கோடைக்கே லொஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார்.

சுமதி, ஸ்காபரோ

கோபி அண்ணா, கோபிக்க வேண்டாம். அந்தக் குப்பைத் தொட்டிக் கதையை நீங்கள் புகழ்ந்து எழுதியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. என் மகனுக்கு 11 வயது, டிஃபென்ஸ் ஆடுகிறான். போன மாரியில் ஒரு தோல்விக்குப் பிறகு அவர்களின் கோச் தண்ணீர்ப் போத்தல் கூடையை உதைத்தாராம். மகன் வெளியே வந்து, முழங்கால் பாட் கழற்றாமலே காரில் ஏறி இருந்துவிட்டான். வீடு வரும்வரை ஒரு சொல் இல்லை. ஒரு போத்தல் மட்டும் கையில். ஏன் அதைக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். "அது என் காலில் வந்து பட்டது" என்றான். பிறகு போகவே இல்லை.

சம்பளம் வாங்கும் பெரியவர்களிடம் உதைப்பது வேறு, அம்மா லேஸ் கட்டிவிடும் பிள்ளையிடம் உதைப்பது வேறு.

பின்சறுக்கு

சுமதி அக்கா, நானும் சின்ன வயதில் டிஃபென்ஸ்தான், ஒரு கோச்சின் கத்தலில் விட்டவன். அது போகட்டும், மகனை விட வேண்டாம். முதலில் ஸ்கேட்டைப் பாருங்கள். சப்பாத்தைவிட ஒரு அளவு, ஒன்றரை அளவு சின்னதாக இருக்க வேண்டும். வளருவான் என்று பெரிதாக வாங்கினால் கணுக்கால் ஆடும், பின்னோக்கிச் சறுக்கவே முடியாது. பின்னோக்கிச் சறுக்கத் தெரியாதவன் டிஃபென்ஸ் ஆட முடியாது. ஸ்கேட் போட்டு நிற்கும்போது ஸ்டிக் நாடிவரை வந்தால் போதும். எதிராளி பக்கை இடதும் வலதும் ஆட்டிக் காட்டுவான், அதைப் பார்க்கக் கூடாது, அவன் நெஞ்சைப் பார்க்க வேண்டும். பக் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது. பொது ஸ்கேட்டிங் நேரத்தில் ஸ்டிக் இல்லாமல் அரை மணி நேரம் பின்னோக்கியே போகச் சொல்லுங்கள். கழுத்துக் காப்பு கட்டாயம். பிளேடை அடிக்கடி தீட்டுங்கள், ஆனால் மட்ச் அன்று காலையில் வேண்டாம், புதுக் கூரில் தடுமாறுவான். முக்கியமாக, வேறு அணியில் ஒரு நாள் சும்மா பயிற்சிக்கு விட்டுப் பாருங்கள்.

துவாரகன், பிரம்ப்டன்

நீங்கள் எல்லாரும் உதைத்ததையே பேசுகிறீர்கள். அதே மனிதர் 2005 டிசம்பர் 19இல் என்ன செய்தார்? இரண்டாம் தரம் டெவில்ஸுக்குத் தலைமைக் கோச்சாக வந்து சில மாதம்தான். தலையிடி, மன அழுத்தம், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் அப்போது லொறி ஓட்டுகிறேன், வாரத்தில் ஆறு இரவு. நெடுஞ்சாலை 401இல், கிங்ஸ்டனுக்கு இந்தப் பக்கம், ஓய்விடத்தில் நிறுத்தி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். வைப்பர் ஐஸ் பிடித்துப் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கும் மாதக்கணக்காகத் தலையிடி, வீட்டில் சொல்லவில்லை. சுற்றுப்பலகையை உள்வாங்க வைத்த ஆள் முடியவில்லை என்று சொல்கிறார். வைப்பரைத் தட்டக்கூட இறங்காமல் மனைவிக்குப் போன் எடுத்தேன். "இரவு ஓட்டத்தை விடப்போகிறேன்" என்றேன். அவள் அழுதாள், "எப்போது சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றாள்.

அவர் ஹொக்கியை விடவில்லை என்பதையும் பாருங்கள். 2012இல் சான் ஹோசேயில் இணைக் கோச். 2019இல் செயின்ட் லூயிஸ் வென்றபோது ஆலோசகராக இருந்தார், ஆட்டக்காரராக வென்றவற்றையும் சேர்த்து அவருக்கு அது பத்தாவது கோப்பை.

கோபி, லவால்

சுமதி தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த உதையை நான் அப்படிப் புகழ்ந்திருக்கக் கூடாது. ஜேர்சியை மட்டும் சொல்லியிருக்கலாம்.

சுமதி, ஸ்காபரோ

பரவாயில்லை அண்ணா. பின்சறுக்கு, ஸ்கேட்டை அளந்து பார்த்தேன், இரண்டு அளவு பெரிது. துவாரகன் அண்ணா எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "பிறகு திரும்பி வந்தாரா?" என்றுதான் கேட்டான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொது ஸ்கேட்டிங். ஸ்டிக் இல்லாமல் வருகிறானாம். நான் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டுமாம்.