தூங்கும் முன் கதை: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு ராத்திரி எது?

நிலாமுற்றம்
எங்கள் வீட்டில் தினமும் அந்த முயல் புத்தகம்தான். அட்டை பிய்ந்து, ஒட்டி, மறுபடி பிய்ந்து, உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். போன வாரம் கரண்ட் போய்ச் சின்னவன் அழ ஆரம்பித்தான். நான் டார்ச் தேடுவதற்குள், ஐந்து வயது மூத்தவள் இருட்டிலேயே அவனுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. ஒரு வார்த்தை பிசகவில்லை. பக்கம் முடிகிற இடத்தில் நிறுத்தி, தாள் திருப்புகிற சத்தத்தை வாயாலேயே "சர்ர்" என்கிறாள். முயல் வளைக்குள் போனதும் நீளமாக ஒரு கொட்டாவி. ஏன் என்று அவன் கேட்டதற்கு, "இந்த இடத்துல அம்மா கொட்டாவி விடுவாங்கடா, அது கதையில இருக்கு" என்கிறாள். நாள் முழுக்க ஓடிய அலுப்பில் வருகிற கொட்டாவி அது. அதையும் கதையோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறாள்.

ராத்திரிஷிப்ட்
எனக்கு ராத்திரி வேலை, அதனால் போனில்தான் கதை, வீடியோவுக்கு சிக்னல் போதாது. புத்தகம் மகன் கையில், கதை எனக்கு மனப்பாடம். ஒருநாள் நடுவில் சத்தமே இல்லை, கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ ஹலோ" என்கிறேன், "இருப்பா, யானையைக் காட்டிக்கிட்டிருக்கேன், தெரியுதா?" என்றான். போனைப் படத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். தெரியுது என்றேன். எந்தப் பக்கம் பார்க்குது என்று கேட்டான், "உன் பக்கம்தான்" என்றேன். சரியாம்.
நிலாமுற்றம், அந்த முயலையே ஓட்டாதீர்கள். புதுப் புத்தகம் கொடுத்தால்தானே புதுச் சொல் வரும்.

பாட்டிகட்சி
ராத்திரிஷிப்ட் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பேத்தியின் கதையில் கரடி மூன்று தரம் கதவைத் தட்ட வேண்டும், நான் இரண்டோடு நிறுத்தினால் எழுந்து உட்கார்ந்து, மூன்றாவதைத் தானே கட்டிலில் தட்டிவிட்டுத்தான் படுப்பாள். என் கதை அவ்வளவுதான்.
2011-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப, சிலருக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் எல்லோர் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன, அதிகம் கற்றது ஒரே கதையைக் கேட்டவர்கள். முதல் தரம் கேட்கும்போது அடுத்து என்ன என்பதிலேயே கவனம் போய்விடும், கதை பழகிய பிறகுதான் சொல் காதில் நிற்கும். அதனால் புதியதை முதலில் படியுங்கள், கடைசி இடம் பழையதற்கே. தெரிந்த வரியைப் பாதியில் நிறுத்துங்கள், மீதியைப் பிள்ளை சொல்லட்டும். "இன்னும் ஒண்ணு" என்று நேரத்தை மட்டும் இழுக்க விடாதீர்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை, பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும்.

மூன்றாம்படி
பாட்டி சொல்வது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. என் மகனுக்கு ஒன்பது வயது. "இனிமே நானே படிச்சுக்கிறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டான். சரி என்று எழுந்தால், "போகாதீங்க, இங்கேயே உட்காருங்க, நான் மனசுக்குள்ள படிக்கிறேன்" என்கிறான். இப்போது தினமும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று சிரிப்பான், என்னடா என்றால் சொல்ல மாட்டான். வளர்ந்த பிள்ளை உள்ளவர்கள் சொல்லுங்கள், ஒரு பக்கமாவது சத்தமாகப் படி என்று கேட்கலாமா, இல்லை அவன் போக்கிலேயே விட்டுவிடவா?