ஸ்போர்ட்ஸ் காரில் 18 நாள் ஐரோப்பா: இந்த வழி சரிதானா?

கேள்வி: தோப்புக்காரி, பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 55 வயது. பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். 1989ஆம் ஆண்டு அப்பாவின் பத்மினி காரை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றித்தான் வண்டி ஓட்டப் பழகினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். அணை முழுதும் கீழே தெரியும் ஒன்பதாவது வளைவில் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். “எந்தக் கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு அம்மணி. பிரேக் நிறுத்துவதற்கு, இறக்கத்தைத் தாங்குவதற்கு அல்ல” என்றார். அன்றிலிருந்து மலைப்பாதை என்றால் எனக்குத் தனி உயிர் வந்துவிடும். திம்பம், கல்லட்டி, ஏற்காடு, கொல்லிமலையின் 70 வளைவுகள் என எல்லாவற்றிலும் ஓட்டியிருக்கிறேன்.

என் நெடுநாள் ஆசை, கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஐரோப்பாவைச் சுற்றி வருவது. மகன், மகள் இருவரின் திருமணமும் முடிந்துவிட்டது. அடுத்த செப்டம்பரில் இரண்டு தேங்காய் வெட்டுக்கு இடையில் 18 நாள் கிடைக்கிறது. வீட்டுக்காரருக்கு மலை வளைவுகளில் தலைசுற்றும் என்பதால், ஈரோட்டிலிருக்கும் என் தங்கை வருகிறாள். அவள் ஓட்டமாட்டாள், வழி பார்ப்பாள். வாடகைக்குப் போர்ஷே பாக்ஸ்டர் எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் வண்டி எடுத்து பாரிஸ், பார்சிலோனா, நீஸ், ரோம், வெனிஸ், வியன்னா, மியூனிக், மீண்டும் ஸ்டுட்கார்ட். நடுவில் ஒரு நாள் ஸ்டெல்வியோ கணவாய். மொத்தம் 4,800 கிலோமீட்டர் வருகிறது. இது சரிப்படுமா? இடப்பக்க ஸ்டியரிங் எனக்குப் பழக்கமில்லை. இன்னொன்று: வண்டியை எடுத்ததும் தேங்காய் உடைக்காமல் நான் புறப்படமாட்டேன். நம் தோப்புத் தேங்காயை அங்கே கொண்டுபோக விடுவார்களா?

பதில்: மில் இன்ஜினியர், சிங்காநல்லூர்

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலைப்பாதை என்றால் உயிர் வரும் என்கிறீர்கள். போட்டிருக்கும் திட்டத்தில் மலை ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் சுங்கச்சாவடியும் லாரிகளும்தான் கண்ணில் படும். பாரிஸிலிருந்து பார்சிலோனா மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தைத் தாழ்ந்த இருக்கையில், காதில் டயர் இரைச்சலோடு ஓட்டினால் இறங்கும்போது இடுப்பு சொல்லும். ரோமில் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு பார்க்கிங் தேடுவதைப் போன்ற வேதனை வேறில்லை. அந்த நகரங்களைப் பிறகு ஒரு முறை ரயிலில் போய்ப் பாருங்கள். இந்த 18 நாளையும் ஆல்ப்ஸ் மலைக்கே கொடுத்துவிடுங்கள்.

நூற்பு இயந்திரப் பயிற்சிக்காக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பழைய கார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கணவாய்க்குப் போய்விடுவேன். அந்த அனுபவத்தில் ஒரு வழி சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து முதலில் ஆஸ்திரியாவின் க்ராஸ்க்ளாக்னர் மலைச்சாலைக்குப் போங்கள். 1935இல் திறந்த சாலை. 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். தனிக் கட்டணம் உண்டு, இரவில் மூடிவிடுவார்கள். வளைவுகள் அகலமானவை என்பதால் புது வண்டியில் கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. மேலே ஃப்ரான்ஸ் யோசஃப்ஸ் ஹோஹே என்ற முனைக்குப் பிரியும் சாலையைத் தவறவிடாதீர்கள். அங்கிருந்து பாஸ்டர்ட்ஸே பனியாறு தெரியும். ஆண்டுக்கு ஆண்டு அது சுருங்கிக்கொண்டே வருகிறது. பார்த்தால் மனம் கனக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து லியன்ட்ஸ் வழியாக இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகள். கோர்ட்டினாவில் மூன்று இரவு தங்குங்கள். ஜாவ், போர்தோய், செல்லா என்று நாளுக்கு ஒரு கணவாயாகப் போய்வரலாம். மாலை வெயிலில் அந்தப் பாறைகள் செம்மண் நிறமாக மாறும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்காருங்கள். கூரை திறக்கும் கார் எதற்கு என்று அப்போது தெரியும்.

பிறகு ஸ்டெல்வியோ. 2,757 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட 120 மீட்டர் உயரம். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் 1820க்கும் 1825க்கும் இடையில் கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் அமைத்த சாலை. பிராத்தோ என்ற ஊரின் பக்கமிருந்து ஏறுங்கள். அந்தப் பக்கம்தான் 48 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முதல் வளைவின் கல்லில் 48 என்று இருக்கும், ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து உச்சியில் 1. வால்பாறைக்கு ஏறியவருக்கு அந்தக் கற்களைப் பார்த்ததும் பழகிய இடத்துக்கு வந்ததுபோல் இருக்கும். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சாலையை நிறைத்துவிடும். வார நாளில் காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் ஸ்டெல்வியோவைவிடச் சிறந்தது சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் என்ற ஊரிலிருந்து தொடங்கும் வட்டச் சுற்றுதான். ஃபூர்கா ஏறி, க்ளெட்ச் இறங்கி, க்ரிம்ஸெல் ஏறி, இன்னர்ட்கிர்ஹன் இறங்கி, ஸூஸ்டன் ஏறி, வாஸன் இறங்கி மறுபடி ஆண்டர்மாட். ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குள் 2,000 மீட்டருக்கு மேலான மூன்று கணவாய்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம். நான் அதை ஒரு முறை வலமாகவும் மறுவாரம் இடமாகவும் சுற்றினேன், இரண்டும் வேறு வேறு சாலைகளாகத் தெரிந்தன. உங்களுக்கும் அங்கே மூன்று நாள் வேண்டும். ஒரு நாள் மழையில் போய்விடும்.

அந்தச் சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ் வரும். பார்வை மறையும் வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹாரன் கேட்கும். கேட்டதும் ஒதுங்கி நில்லுங்கள். மலை அஞ்சல் சாலை என்று பலகை வைத்த இடங்களில் அந்த ஓட்டுநர் கையசைத்துச் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது சட்டம். வால்பாறை பஸ்ஸுக்கு வளைவில் இடம்விட்டுப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

மொத்த வழியும் ஊர்ச் சுற்றல் சேர்த்து 2,000 கிலோமீட்டரைத் தாண்டாது. நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். உங்கள் அப்பா சொன்னது பாக்ஸ்டருக்கும் அப்படியே பொருந்தும். தானியங்கி கியராக இருந்தாலும் இறக்கத்தில் கைக்கியருக்கு மாற்றி இரண்டில் வையுங்கள். புறப்படும் முன்பு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு பயிற்சி நாள் கிடைத்தால் போய் வாருங்கள். அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கற்றுக்கொள்ளக் கூடாது.

பதில்: பனியன் ஏற்றுமதி, திருப்பூர்

மேலே அண்ணன் சொன்ன வழியில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பணமும் காகிதமும் பற்றிச் சொல்கிறேன். ஆர்டர் பேசுவதற்காகப் பல ஆண்டுகளாக அங்கே காரில்தான் சுற்றுகிறேன்.

இத்தாலியில் பழைய ஊர்களின் நடுப்பகுதிக்கு வெளிவண்டிகள் போகக் கூடாது. சிவப்பு வட்டப் பலகையும் கேமராவும்தான் இருக்கும், தடுப்புக் கம்பம் இருக்காது. ஒரு ஊரில் ஹோட்டலைத் தேடி அப்படி ஓர் எல்லையை ஒரே மாலையில் மூன்று முறை கடந்துவிட்டேன். திருப்பூர் வந்து பல மாதம் கழித்து மூன்று அபராதம் வந்தது. என் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனமும் மூன்று முறை தனித்தனியாகக் கட்டணம் பிடித்தது. வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அதனால் இத்தாலியில் ஊருக்கு வெளியே தங்குங்கள். இல்லையென்றால் ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதி, உங்கள் வண்டி எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் வாடகை சாதாரணக் கார் மாதிரி இல்லை. எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம், நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், விபத்தானால் நம் பங்கு எவ்வளவு, டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் காப்பீட்டில் சேருமா என்று நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஜெர்மனியில் எடுத்த விலையுயர்ந்த வண்டியை இத்தாலிக்குள் கொண்டுபோக விடாத நிறுவனங்களும் உண்டு. உங்கள் வழியே அதைப் பொறுத்திருக்கிறது. முன்பணமாகச் சில ஆயிரம் யூரோவை முடக்கி வைப்பார்கள், அதற்கு ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

பொள்ளாச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். நம் அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் சாலைக் கட்டண வில்லை (ஸ்டிக்கர்), ஒரு வாரம் போனாலும் ஆண்டு முழுவதற்கான தொகைதான். ஆஸ்திரியாவில் பத்து நாள் வில்லை கிடைக்கும்.

பெட்ரோல் போடும்போது ஒரு கவனம். இத்தாலியில் ‘பென்ஸீனா’ என்றால் பெட்ரோல், ‘கஸோலியோ’ என்றால் டீசல். பெயர் கேஸ் மாதிரி ஒலிப்பதை நம்பி அதைப் பிடித்துவிடாதீர்கள். ஸ்டெல்வியோவின் மறுபக்கம் இறங்கினால் வரும் போர்மியோவிலிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் போகும்போது லிவிஞ்ஞோ வழியாகப் போங்கள். அது வரிவிலக்குப் பெற்ற ஊர், அங்கே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம்.

தோப்புக்காரி, பொள்ளாச்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 84 வயதில் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வரைபடத்தில் ஆண்டர்மாட்டைத் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார். பாரிஸும் ரோமும் போய்விட்டதில் தங்கைக்குத்தான் சற்று வருத்தம். செயின்ட் மோரிட்ஸில் ஓட்டாத ஒரு முழுநாள் அவளுக்கு என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். பெட்டி எவ்வளவு பிடிக்கும்? ஸ்டியரிங் பற்றியும் தேங்காய் பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லையே.

பதில்: கோபிக்காரன், ஸ்டுட்கார்ட்

அக்கா, நான் கோபிசெட்டிபாளையம். பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை. முதலில் ஸ்டியரிங். ஊரில் போலவே இங்கேயும் ஓட்டுபவர் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம்தான் இருப்பார். உங்கள் தோள் நடுக்கோட்டுப் பக்கம், தங்கையின் தோள் ஓரத்தின் பக்கம். இதை மட்டும் மனதில் வைத்தால் பாதி பயம் போய்விடும். தவறு நடப்பது காலையில் பெட்ரோல் பங்கிலிருந்தோ ஆளில்லாத பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போதுதான். எதிரே வண்டி இல்லாததால் கை பழைய பக்கத்துக்குத் திரும்பிவிடும். அப்போதெல்லாம் தங்கை “வலது” என்று உரக்கச் சொல்ல வேண்டும். ரவுண்டானாவில் வண்டி இடப்பக்கமிருந்து வரும். இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் இடப்பக்கம் இருக்கும், முதல் நாள் வைப்பர்தான் ஓடும்.

ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் வேக எல்லை இல்லாத பகுதிகளிலும் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை. இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் வலப்பக்கம் வந்துவிடுங்கள், வலப்பக்கமாக முந்தக் கூடாது. போக்குவரத்து நின்றுபோனால் இடது தடத்தவர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும். இது சட்டம். சுவிட்சர்லாந்தில் வேகம் பற்றித் துளியும் விளையாட வேண்டாம். ஊருக்கு வெளியே 80. கேமரா எங்கே என்று எச்சரிக்கும் செயலி போனில் இருப்பதே அங்கே குற்றம், எல்லைக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

பாக்ஸ்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு சாமான் அறைகள். முன்னால் 150 லிட்டர், பின்னால் அதைவிடச் சற்றுக் குறைவு. பெரிய கெட்டிப் பெட்டி நுழையாது. துணிப்பை இரண்டு, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். 2,000 மீட்டருக்கு மேலே செப்டம்பர் காலை குளிர் ஊட்டிக் குளிரைவிடக் கடுமை.

தேங்காய் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பழங்கள் கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஐந்துக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, வாழை, பேரீச்சை, துரியன், தேங்காய். எலுமிச்சைக்கு விலக்கு இல்லை, அதை இங்கே வாங்கிக்கொள்ளலாம். நெய்யும் பாலில் செய்த இனிப்பும் கூடவே கூடாது. முற்றிக் காய்ந்த கொப்பரையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதனால் நீருள்ள காயாக, பெட்டியில் போட்டு அனுப்பும் சாமானில் வையுங்கள்.

வாடகை நிறுவனத்தின் வாசலில் உடைக்க வேண்டாம். வண்டியை எடுத்ததும் முதல் 20 நிமிடம் மெதுவாக என் வீட்டுக்கு ஓட்டி வாருங்கள், வலப்பக்கப் பழக்கத்துக்கும் ஆகும். பின்னால் கருங்கல் பாவிய முற்றம் இருக்கிறது, வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். மனைவி அரிசிம்பருப்பு சாதம் செய்து வைப்பாள். சாப்பிட்டுவிட்டு மறுநாள் விடியற்காலையில் புறப்படுங்கள்.

தோப்புக்காரி, பொள்ளாச்சி

தம்பி, இரண்டு காய் கொண்டுவருகிறேன். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று உன் வீட்டுக் குழம்புக்கு. விசாவுக்கு நாள் குறித்ததும் இங்கே எழுதுகிறேன்.